கை படாத கருவி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நமக்கு நெடுநாள் பழக்கமான பட்டு நெசவாளர் ஒருவர் உண்டு. 2020-ஆம் ஆண்டு நவம்பர் மாத மழையில் ஒருநாள் அவர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். தறிக்குழியில் நீர் ஊறி, மிதிகள் அதில் மூழ்கிக் கிடந்தன. பாவின்மேல் பாலித்தீன் தாளைப் போர்த்திவிட்டு, மழை விடும் நாளை எதிர்பார்த்து அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். வேலையற்றுக் கிடந்த தறியின் பலகையில் கால்களை மடக்கி அமர்ந்துகொண்டு அவருடைய மகள் கைப்பேசியில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். பௌதிகம் பயிலும் இரண்டாமாண்டு மாணவி. கொரோனா நோய்க்காக மார்ச்சில் மூடப்பட்ட கல்லூரி அவளுக்கு இன்னும் திறக்கப்படவில்லை. என்ன செய்கிறாய் அம்மா என்று கேட்டோம். “பிராக்டிகல் பண்றேங்க ஐயா” என்றாள்.

அன்றைய செய்முறை நியூட்டன் வளையங்கள். தட்டைக் கண்ணாடி ஒன்றின்மேல் குவிலென்சு ஒன்றை வைத்து, சோடிய விளக்கின் மஞ்சள் ஒளியை அதன்மேல் விழச் செய்தால், இரண்டுக்கும் இடையே அகப்பட்ட காற்றுப் படலத்தின் காரணமாக இருளும் ஒளியும் மாறிமாறி அமைந்த வட்டங்கள் தோன்றும். நகரும் நுண்ணோக்கியின் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி அவ்வட்டங்களின் விட்டங்களை அளந்து, அவற்றிலிருந்து ஒளியின் அலைநீளத்தைக் கணக்கிட வேண்டும். கல்லூரியில் பௌதிகம் பயின்ற எவரும் எளிதில் மறக்க இயலாத செய்முறை அது. கைப்பேசித் திரையில் அது படமாக வந்திருந்தது. விரலால் தள்ளினால் நுண்ணோக்கி நகர்ந்தது. வட்டங்கள் தேர்ந்த கையால் இட்ட கோலம்போல் பிசிறின்றித் தெரிந்தன. அரைமணி நேரத்திற்குள் விடை 5,893 ஆங்ஸ்ட்ராம் என வந்துவிட்டது. பாடநூல் கூறும் அதே எண். முதல் முயற்சியிலேயே சரியாகிவிட்டதே என்று பாராட்டினோம். அவள் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. “எல்லாருக்கும் அதேதாங்க வருது” என்று சொல்லிவிட்டு எழுந்து சென்றாள்.

2021 பிப்ரவரியில் கல்லூரி திறந்தது. மூன்று வாரம் கழிந்திருக்கும். நெசவாளர் நம் இல்லத்துக்கு வந்தார். “பாய், பொண்ணு காலேஜ் போகமாட்டேன்னு உக்காந்திருக்கு. நீங்க கேட்டா சொல்லும்” என்றார். சென்று கேட்டோம். அதே நியூட்டன் வளையங்களை உண்மையான கருவியில் செய்ய நேர்ந்ததாம். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் மஞ்சள் மூட்டமேயன்றி வேறொன்றும் தெரியவில்லை. நெடுநேரம் கழித்து வட்டங்கள் தெரிந்தபோது, இருண்டிருக்க வேண்டிய நடுப்புள்ளி ஒளிர்ந்துகொண்டிருந்தது. லென்சுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு தூசி இருந்தால் போதும், இப்படித்தான் ஆகும். கை நடுங்கித் திருகு முன்னும் பின்னுமாகப் போயிற்று. பின்னால் நான்கு பேர் தங்கள் முறைக்குக் காத்து நின்றார்கள். இவையெல்லாம் எந்தச் செய்முறைக்கூடத்திலும் நிகழ்பவையே. ஆனால் அவள் இறுதியாகச் சொன்ன ஒன்று நம்மைப் பல நாள் உறங்கவிடவில்லை. “வீட்டுல பண்ணதுக்கு ஃபுல் மார்க் போட்டாங்க. நான் யாரையோ ஏமாத்தி வாங்கின மாதிரி இருக்குங்க ஐயா.”

யாரை ஏமாற்றினாள்? அரசு ஏற்படுத்திய வழி. ஆசிரியர் செய்யச் சொன்ன பாடம். ஓர் எண்ணைக்கூட அவள் பொய்யாக எழுதவில்லை. அப்படியிருக்க, குற்றமற்ற ஒரு நெஞ்சில் குற்ற உணர்வு எங்கிருந்து வந்தது? அதைப் பேதைமை என்று தள்ளிவிடலாமா, அல்லது அதில் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி உண்டா?

இவ்விடத்தில் நம்மைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாம் புகுமுக வகுப்பில் பயின்ற காலத்தில், வேதியியல் செய்முறையின் முதல் மாதத்திலேயே ஒரு பியூரெட்டை உடைத்துவிட்டோம். தாங்கியில் மாட்டும்போது கை நழுவியது. அங்கிருந்த ஆசிரியர் வகுப்பு முழுவதும் கேட்க அதன் விலையைச் சொன்னார். நம் தகப்பனார் செய்த தொழிலையும் சேர்த்துச் சொன்னார். அன்று தொடங்கி ஆண்டு முடியும்வரை நாம் எந்தக் கருவியையும் தொடவில்லை. பிறர் தோளுக்குப் பின்னால் நின்றோம். ஆனால் ரிக்கார்டு நோட்டில் நம் பக்கங்கள் எவருக்கும் குறைந்தவையல்ல. வரவேண்டிய விடையை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அளவுகளைச் சமைத்தோம். எல்லா அளவும் ஒன்றுபோல் இருந்தால் ஐயம் எழும் என்று கடைசி இலக்கத்தை மட்டும் ஆங்காங்கே மாற்றவும் கற்றிருந்தோம். முழு மதிப்பெண் கிடைத்தது. அன்று நமக்கு உறுத்தல் ஏதும் இருந்ததாக நினைவில்லை. சற்றே பெருமைகூட இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் தடையில்லை.

கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நாம் பொய் எழுதினோம், உறுத்தவில்லை. கருவியே இல்லாத இடத்தில் அவள் மெய் எழுதினாள், உறுத்தியது. கையால் தொட்டுக் கற்பதே நேர்மை, திரையில் பார்த்துக் கற்பது போலி என்று எளிதாகச் சொல்லிவிட முடியாதென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தொலைவிலிருந்து செய்முறை கற்கும் ஏற்பாடு கொரோனாவோடு பிறந்ததன்று. 1998-இலேயே அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஹெசூஸ் டெல் அலமோ, டிரான்சிஸ்டரின் இயல்புகளை மாணவர்கள் தம் அறையிலிருந்தே இணையத்தின் வழி அளந்தறிய வகை செய்தார். சுவீடன் நாட்டின் பிளெக்கிங்கே தொழில்நுட்பக் கழகத்தில் இங்வார் குஸ்தாவ்சன் அமைத்த மின்சுற்று ஆய்வுக்கூடம் இன்னும் சுவையானது. மாணவன் திரையில் கம்பிகளை இழுத்து மின்தடையையும் மின்தேக்கியையும் இணைக்கிறான். எங்கோ ஓர் அறையில் மின்விசைத் தொடுப்பான்கள் அதே இணைப்பை உண்மையாகவே உண்டாக்குகின்றன. உண்மையான அளவி உண்மையான மின்னழுத்தத்தை அளந்து அனுப்புகிறது. ஒருவரின் சுற்று ஒரு நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடுவதால் பலர் ஒரே நேரத்தில் அதைப் பயன்படுத்தலாம். அவ்வமைப்பு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் நிறுவப்பட்டது. நம் நாட்டில் 2009-இல் தொடங்கிய தகவல் தொடர்புத் தொழில்நுட்பவழித் தேசியக் கல்வி இயக்கத்தின்கீழ், தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தலைமையில் பல நிறுவனங்கள் கூடி மெய்நிகர் ஆய்வுக்கூடங்களை உருவாக்கின. அவற்றில் இருவகை உண்டு. ஒன்று, கணக்கின்படி இயங்கும் படம் மட்டுமே. மற்றது, தொலைவில் உள்ள மெய்யான கருவியை இங்கிருந்து இயக்குவது.

இவ்வேறுபாடு நமக்குப் பெரிதாகப் பட்டது. ஆகவே அம்மாணவியிடம், நீ செய்தது எந்த வகை என்று கேட்டோம். அவளுக்குத் தெரியவில்லை. அப்படி இரு வகை இருப்பதே அவளுக்குப் புதுச் செய்தி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கும்! அவள் செய்தது படவகை என்பதை நாம் பின்னர் விளக்கினோம். மறுமுனையில் மெய்யான பொருள் ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதைக் கற்பவரிடம் சொல்லவும் எவருக்கும் தோன்றவில்லை. அவளுடைய உறுத்தலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம்.

மதிப்பெண்ணைக் கொண்டு இதை அளக்க முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தோர் பங்குகொண்ட ஓர் ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. ஒரே செய்முறையை நேரிலும், தொலைவிலிருந்தும், படத்திலும் செய்த மாணவர்களை ஒப்பிட்டார்கள். அப்பாடத்தின் கருத்தைப் புரிந்துகொண்ட அளவில் தொலைவழியும் படவழியும் நேர்வழிக்குக் குறையவில்லை. சில இடங்களில் விஞ்சவும் செய்தன. மாறுபட்டது வேறொன்று: மாணவர்கள் கூடி வேலை செய்த முறையும், பொருளின் எதிரே தாம் இருக்கிறோம் என்னும் உணர்வும். ஆக, அறிவு குறைந்தது என்று சொல்லி இந்த ஏற்பாட்டைக் குறைகூற வழியில்லை. நம் வினா அறிவைப் பற்றியதன்று. அறிந்தவருக்கும் அறியப்பட்டதற்கும் இடையே உள்ள உறவைப் பற்றியது.

இவ்வுறவை நம் முன்னோர் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தறிந்தார்கள் என்பதை ஹதீஸ் கலை பயின்றோர் நன்கறிவர். ஒரு செய்தி மாணவருக்கு எந்த வழியாக வந்தது என்பதை அவர்கள் எட்டு வகையாகப் பகுத்தார்கள். ஹிஜ்ரி 643-இல், அதாவது 1245-இல், திமிஷ்கில் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் தம் புகழ்பெற்ற முகத்திமாவில் இவற்றை விரிவாக ஆராய்கிறார். ஆசிரியர் வாயிலிருந்து நேரே செவியேற்பது ஸமாஃ. ஆசிரியர்முன் மாணவர் படித்துக் காட்டுவது கிராஅத். அறிவிக்க அனுமதி மட்டும் பெறுவது இஜாஸா. ஏட்டைக் கையில் தருவது முனாவலா. தொலைவிலுள்ள மாணவருக்கு எழுதி அனுப்புவது முகாதபா. ஆசிரியரைக் காணாமலே அவர் கையெழுத்து ஏட்டைக் கண்டெடுத்துப் படிப்பது விஜாதா. இன்னும் இரண்டும் உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது இதுதான்: தொலைவழியாக வந்த கல்வியை அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிவிடவில்லை. அதன் தகுதியைப் பற்றி வாதிட்டார்கள்; ஆனால் ஏற்ற இடத்தில் ஏற்றார்கள். கண்டெடுத்துப் படித்தவர் ‘கண்டெடுத்தேன்’ என்று சொல்ல வேண்டும். ‘எனக்குச் சொன்னார்’ என்று சொல்லலாகாது. நேரில் கேளாததைக் கேட்டதுபோல் தோன்றும்படி மழுப்பிச் சொல்வதற்குத் தத்லீஸ் என்று பெயரிட்டு, அதைக் குறையாகக் கருதினார்கள். சொன்ன செய்தி முழுவதும் உண்மையாகவே இருக்கலாம். வந்த வழியை மறைத்ததே குறை.

அம்மாணவியின் ரிக்கார்டு நோட்டை வாங்கிப் பார்த்தோம். ‘நுண்ணோக்கியைச் சரிசெய்து, இருபதாம் வளையத்தின்மேல் குறுக்கிழையைப் பொருத்தி, அளவு எடுக்கப்பட்டது’ என்று அச்சிட்டாற்போல் எழுதியிருந்தாள். கையேட்டில் அப்படித்தான் இருந்தது. எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். அவ்வாக்கியத்தில் அவளையறியாமல் ஒரு தத்லீஸ் புகுந்திருந்தது. மூளை அறியாததை மனம் அறிந்திருந்தது. அவளுடைய உறுத்தலை நாம் அந்த அளவில் மெய் என்றே கொள்கிறோம். ஆனால் அக்குறை அவளுடையதன்று. ‘படத்தில் கண்டேன்’ என்று எழுத இடம்தராத நோட்டின் குறை அது.

இனி அச்சத்தைப் பற்றி. கற்றலின் உணர்ச்சிப் பக்கம் என்று பேசத் தொடங்கினால் அது பெரும்பாலும் அச்சத்திலேயே வந்து நிற்கிறது. காஞ்சி மாநகருக்கு இது புதிதுமன்று. நான்காம் நூற்றாண்டில் இந்நகரின் கடிகையில் வேதம் கற்க, தம் ஆசான் வீரசர்மனுடன் வந்த மயூரசர்மன், பல்லவனின் குதிரைவீரன் ஒருவனோடு நேர்ந்த பூசலில் மானம் புண்பட்டுக் கல்வியையே கைவிட்டு வாளேந்தினார் என்று கர்நாடகத்தின் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. அவர் கதம்ப அரசை நிறுவியது வரலாறு. எல்லா மாணவருக்கும் அரசு நிறுவும் வாய்ப்பு இருப்பதில்லை. நம்மைப்போல் பிறர் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள், அவ்வளவுதான்.

செய்முறைக்கூடத்தில் மாணவர் அஞ்சுவது ஒன்றையல்ல, இரண்டை. மனிதரை அஞ்சுகிறார், பொருளையும் அஞ்சுகிறார். ஆசிரியரின் சொல், உடன்பயில்வோரின் சிரிப்பு, உடைந்த கண்ணாடியின் விலை, அதைக் கேட்டால் தந்தையின் முகம் என்ன ஆகும் என்பது — இவையெல்லாம் மனிதர் தரும் அச்சம். ஒரு சொட்டு அதிகமானால் நிறம் மாறிவிடும், திருகை எதிர்த்திசையில் திருப்பினால் அளவு கெட்டுவிடும், வெப்பமான குழாய் சுட்டுவிடும் என்பவை பொருள் தரும் அச்சம். முன்னது மாணவரைச் சிறுமைப்படுத்துகிறது. பின்னது அவரைக் கவனமுள்ளவராக்குகிறது. பொருளுக்கு நம் குலம் தெரியாது, தந்தை பெயர் தெரியாது. சரியாகச் செய்தால் சரி என்கிறது, தவறாகச் செய்தால் தவறு என்கிறது. இத்தகைய நடுநிலையான ஆசானை மாணவர் வேறெங்கும் காண்பது அரிது. ஆனால் நம் கூடங்களில் இவ்விரு அச்சங்களையும் ஒரே கயிற்றில் முறுக்கியல்லவா வைத்திருக்கிறோம்!

தொலைநிலை ஆய்வுக்கூடம் முதல் அச்சத்தை நீக்குகிறது. அதைச் சிறிய நன்மை என்று எவரும் சொல்லக்கூடாது. ஒரு கருவிக்கு ஐந்து பேர் நிற்கும் கூடங்களில் எத்தனை பெண்பிள்ளைகள் மூன்றாண்டும் அளவுகளை எழுதிக்கொள்ளும் வேலையை மட்டும் செய்துவிட்டு வெளியேறுகிறார்கள் என்பதைக் கண்ணுள்ளவர் காணலாம். கருவியைப் பிடிப்பவன் பையன். நோட்டைப் பிடிப்பவள் பெண். திரையின்முன் அவ்வேற்பாடு இல்லை. நள்ளிரவிலும் செய்யலாம், பத்து முறை தவறலாம், பார்த்துச் சிரிப்பார் இல்லை. தறிப்பலகையில் அமர்ந்திருந்த அப்பெண் அன்று அச்சமின்றி இருந்தாள் என்பதும் உண்மையே. 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு சுமார் 9.69 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவை இலவசமாக வழங்குவதாக அறிவித்தது. அது போன்ற உதவியின்றி இவ்வழியும் ஏழைக்கு அடைபட்டதே. ஆயினும் வழி என்று ஒன்று திறந்தது.

ஆனால் முதல் அச்சத்தைக் களையும்போது இரண்டாவதையும் வேரோடு பிடுங்கிவிடுகிறோம். மேலே நாம் குறிப்பிட்ட சுவீடன் அமைப்பில், கேடு விளைவிக்கும் இணைப்பை மாணவர் திரையில் உண்டாக்கினால், மென்பொருள் அதைத் தடுத்துவிடுகிறது, மின்னோட்டம் செல்வதேயில்லை. கருவியைக் காக்க வேறு வழியுமில்லை, அது பலருக்குப் பொதுவானது. இருப்பினும் எதையும் எரித்துவிட இயலாத ஒருவர் எதையும் எரிக்காமல் இருந்ததற்காக மகிழவும் இயலாது. “எல்லாருக்கும் அதேதாங்க வருது” என்று அப்பெண் சலித்துக்கொண்டதன் பொருள் நமக்கு அப்போது விளங்கவில்லை. தவறும் உரிமை இல்லாத இடத்தில், சரியாக வந்தது என்பதற்கும் பொருள் இல்லாமற்போகிறது.

இப்படிச் சொல்வதால், கையால் தொட்டுக் கற்பது எல்லாம் புனிதம் என்று பாட நாம் தயாரில்லை. காஞ்சியில் வாழ்வோருக்கு அந்த உரிமை கிடையாது. கோர்வைச் சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் ஒருபுறமும், கரை நாடாவைத் தள்ள ஓர் ஆள் மறுபுறமும் அமர வேண்டும். அந்த ஆள் நெடுங்காலம் ஒரு சிறுவனாக அல்லது சிறுமியாகவே இருந்து வந்தார். தொழில் கற்கும் பள்ளி அதுவே என்றார்கள். தறிக்காரர் பெற்றோருக்குக் கொடுத்த முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் அமர்ந்த கொடுமையை, மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, காஞ்சிபுரத்தையும் குறிப்பிட்டு விரிவாக எடுத்துக்காட்டியது. நம் நண்பரும் ஒன்பது வயதில் அப்படி அமர்ந்தவரே. “இழை அறுந்தா முதுகுல விழும் பாய். அடிக்குப் பயந்தே கத்துக்கிட்டேன்” என்பார். ஆனால் அதே மூச்சில் வேறொன்றும் சொல்வார்: தனியே முதல் சேலையை அறுத்து இறக்கிய அன்று, அதன் கரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இரவெல்லாம் தூக்கம் வராமல் கிடந்தாராம். அடித்தவன் மீதிருந்த அச்சம் எப்போதோ போய்விட்டது. இழையின் மீதுள்ள அச்சம் இன்றும் இருக்கிறது, அது இருப்பதால்தான் தாம் நெசவாளர் என்பார். இரண்டையும் அவர் குழப்பிக்கொள்வதில்லை. கல்விக்கூடங்கள் குழப்பிக்கொள்கின்றன.

வழி இல்லாமலில்லை. தொலைவில் மெய்யான கருவி இருப்பின் அதை மாணவரிடம் சொல்லலாம். அந்த அறையை, அதைத் துடைத்துப் பேணும் பணியாளரின் கையை, அக்கருவி நேற்று பழுதுபட்டுக் கிடந்ததைக் காட்டலாம். அளவுகள் கொஞ்சம் பிசகி வருவதை மறைக்காமல் அப்படியே விடலாம். வெறும் படமாயின் படம் என்று சொல்லிவிடலாம். தில்லியின் பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையத்தில் உருவான எக்ஸ்ப்ஐஸ் போன்ற சிறு பெட்டிகள் வீட்டு மேசையிலேயே மெய்யான அளவுகளைத் தரவல்லவை. அவை ஏன் இன்னும் பரவலாகவில்லை என்று நாம் வியப்பதுண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2023-இல் மின்னணு அமைப்புகளுக்கான பட்டப்படிப்பை இணையவழியில் தொடங்கியபோது, பாடங்களைத் தொலைவில் நடத்தினாலும், செய்முறைகள் சிலவற்றுக்கு மாணவர்களைத் தன் வளாகத்துக்கே வரச்சொன்னது. தொலைவழிக் கல்வியில் பெரிதும் நம்பிக்கை வைத்தவர்களே வைத்த எல்லை இது. ஆனால் வளாகத்துக்கு வந்த மாணவரை அங்கே வரவேற்பது எந்த அச்சம் என்பதை எந்தப் பாடத்திட்டமும் எழுதி வைப்பதில்லை. அது அங்கு நிற்கும் ஆசிரியரைப் பொறுத்தது.

அப்பெண்ணின் நற்காலம், அவள் கல்லூரியில் அப்படி ஒருவர் இருந்தார். ஆசிரியர்கூட அல்லர், கூடத்தின் அட்டெண்டர். மாலையில் எல்லாரும் சென்றபின், “அரைமணி நேரம் இரும்மா, நான் வெளியே இருக்கேன், எதாவது உடைஞ்சா நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லி, சோடிய விளக்கை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாராம். விளக்கு முதலில் சிவந்து பிறகு மெல்ல மஞ்சளாகும்வரை அவள் காத்திருந்தாள். லென்சைக் கழற்றி மெல்லிய துணியால் துடைத்து மீண்டும் வைத்தாள். நான்காம் முறை நடுப்புள்ளி இருண்டது. திருகை ஒரே திசையில், மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு வளையமாகத் திருப்பிச் சென்றாளாம். விடை 6,104 வந்தது.

அதை அப்படியே நோட்டில் எழுதினாள். ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டு, பிழை மிகுதி என்று குறித்து, மூன்று மதிப்பெண் குறைத்தார். அன்று மாலை அவள் தந்தையிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிய மகிழ்ச்சியை நாமும் உடனிருந்து கண்டோம். பிறகு அவள் நவம்பர் மாதப் பக்கத்தைப் புரட்டினாள். 5,893 என்னும் எண்ணின் கீழே ஆசிரியரின் கையொப்பமும் முழு மதிப்பெண்ணும் இருந்தன. பென்சிலை எடுத்து, அதன் ஓரத்தில், ‘இது படத்தில் கண்டது’ என்று சிறியதாக எழுதினாள்.

“கையெழுத்துப் போட்ட பக்கத்துல ஏம்மா கிறுக்குற?” என்றார் நம் நண்பர். அவள் தலை நிமிரவில்லை. நோட்டை மூடி, தறியின் அச்சுக்கட்டைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.